ரத்த வகையும் சுவாசத் தொற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘எனக்கு ஏ பாசிட்டிவ், அதனால்தான் அடிக்கடி சளி பிடிக்கிறதா?’ ‘நான் ஓ குரூப், எனக்குக் கொரோனா வராதாமே?’ 2020-இல் கிளம்பிய இந்தக் கேள்விகள் இன்னும் ஓயவில்லை. இரண்டுக்கும் ஒரே வரியில் பதில் சொன்னால் தவறாகிவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

ரத்த வகைக்கும் சளி, இருமல், நிமோனியாவுக்கும் உண்மையில் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் சிறிய தொடர்பு. சரியாக ஆராயப்பட்டது கோவிட்-19 விஷயத்தில்தான். ஓ வகையினருக்கு அந்த வைரஸ் தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 10 முதல் 15 சதவீதம் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டின. ஏ வகையினருக்குச் சற்றுக் கூடுதல். ஃப்ளூ, சாதாரண ஜலதோஷம், காசநோய் ஆகியவற்றுக்கும் பல பத்தாண்டுகளாகவே ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ‘பி வகைக்குக் காசநோய் வரும்’ என்பது போன்ற செய்திகளை அந்த முரண்பட்ட ஆய்வுகளில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். நம்ப வேண்டாம்.

ரத்தத்தில் இருக்கும் வகை, மூக்கில் நுழையும் கிருமியை எப்படிப் பாதிக்கும்?

ரத்த வகை என்பது சிவப்பணுவின் மேற்பரப்பில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனி எப்படி முடிகிறது என்பதுதான். 9-ஆம் குரோமோசோமில் உள்ள ஏபிஓ மரபணு ஒரு நொதியை உருவாக்குகிறது. ஏ வகையில் அந்த நொதி சங்கிலி நுனியில் என்-அசிட்டைல் காலக்டோசமைனை ஒட்டுகிறது. பி வகையில் காலக்டோஸை ஒட்டுகிறது. ஓ வகையில் பெரும்பாலும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டுப்போனதால் நொதி வேலை செய்வதில்லை. சங்கிலி ‘எச்’ என்ற அடிப்படை வடிவத்திலேயே நின்றுவிடுகிறது.

இந்தச் சர்க்கரைகள் ரத்தத்தில் மட்டும் இருப்பதில்லை. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்புறச் செல்களிலும், ரத்தக் குழாய்களின் உள்சுவரிலும், குடலிலும் இருக்கின்றன. கிருமி முதலில் தொடும் இடத்திலேயே ரத்த வகை இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். அங்கிருந்து மூன்று வழிகள் பிரிகின்றன: நோய் வராமலே உடலில் உருவாகியிருக்கும் ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்), கிருமி ஒட்டிக்கொள்ளும் இடமாகச் சர்க்கரைகள் மாறுவது, ரத்தம் உறையும் தன்மை.

ஆன்டிபாடி வழி என்றால் என்ன? கணவனுக்கு வந்து மனைவிக்கு வராமல் போவதற்கு இது காரணமாக இருக்குமா?

சில வீடுகளில் இருக்கலாம். ஓ வகையினரின் ரத்தத்தில் ஏ, பி இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடிகள் இருக்கின்றன. பிறக்கும்போது இருப்பதில்லை, 3 முதல் 6 மாத வயதில் குடல் பாக்டீரியாக்களின் தூண்டுதலால் உருவாகத் தொடங்குகின்றன. ஏ வகைக்காரரின் மூச்சுக்குழாய்ச் செல்லில் பெருகும் வைரஸ் வெளியேறும்போது அந்தச் செல்லின் ஏ சர்க்கரையையும் தன் உறையில் சுமந்துகொண்டு வரக்கூடும். ஓ வகை மனைவியின் உடலில் அது நுழையும்போது அங்கே தயாராக இருக்கும் ஏ எதிர் ஆன்டிபாடி அதைப் பிடித்துவிட வாய்ப்பிருக்கிறது. திசை மாறினால் பயன் இல்லை: கணவன் ஓ, மனைவி ஏ என்றால் வைரஸில் ஏ சர்க்கரையே இருக்காது, பிடிக்க ஒன்றுமில்லை.

இது வெறும் ஊகமல்ல. 2003-இல் ஹாங்காங் மருத்துவமனை ஒன்றில் ஒரே சார்ஸ் நோயாளியிடம் போதிய பாதுகாப்பின்றி இருந்த 45 பணியாளர்களில் 34 பேருக்குத் தொற்று வந்தது. ஓ வகையினருக்கு வந்தது தெளிவாகக் குறைவு. 2008-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள், ஏ எதிர் ஆன்டிபாடி சார்ஸ் வைரஸின் முள் புரதம் செல்லில் ஒட்டுவதைத் தடுக்கிறது என்று ஆய்வகத்தில் காட்டினார்கள். கோவிட் காலத்தில் தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்விலும், ரத்த வகை பொருந்தாத திசையில் பரவல் குறைவாகவே இருந்தது.

ஆனால் ஒரு தெருவில் பெரும்பாலோர் ஓ வகை என்றால் அங்கே ஓ-விலிருந்து ஓ-வுக்குத் தாராளமாகப் பரவும். வீட்டில் எல்லோரும் ஒரே வகை என்றால் இந்தப் பாதுகாப்பு பூஜ்யம்.

கோவிட் ஆய்வுகள் சரியாக என்ன சொன்னன?

முதலில் வந்தது வூஹான். அங்கே ஒரு மருத்துவமனையின் 1,775 நோயாளிகளை ஊரின் 3,694 ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டார்கள். ஏ வகை, ஊரில் 32 சதவீதம், நோயாளிகளில் 38 சதவீதம். ஓ வகை, ஊரில் 34 சதவீதம், நோயாளிகளில் 26 சதவீதம். 2020 ஜூனில் இத்தாலி, ஸ்பெயின் நோயாளிகளின் மரபணுக்களை முழுவதும் அலசியபோது இரண்டு இடங்கள் தனித்துத் தெரிந்தன: 3-ஆம் குரோமோசோமில் ஒன்று, 9-இல் ஏபிஓ மரபணு இருக்கும் இடம் மற்றொன்று. ரத்த வகையைத் தேடிப் போகாத ஆய்வு ஒன்று ரத்த வகையில் வந்து நின்றதுதான் பலரை நம்பவைத்தது.

டென்மார்க்கில் பரிசோதிக்கப்பட்ட 4,73,654 பேரில் 7,422 பேருக்குத் தொற்று உறுதியானது. தொற்றியவர்களில் ஓ வகை 38.4 சதவீதம், நாட்டு மக்களில் 41.7 சதவீதம். கனடாவின் ஒண்டாரியோவிலும் ஓ வகைக்குச் சுமார் 12 சதவீதம் குறைந்த வாய்ப்பு. மறுபக்கம், அமெரிக்காவின் யூட்டா பகுதியில் 1,07,796 பேரை ஆராய்ந்தபோது எந்தத் தொடர்பும் தெரியவில்லை.

ஏன் இப்படி முரண்?

பெரும்பாலும் ஒப்பிடும் குழுவில்தான் கோளாறு. ரத்த தானம் செய்பவர்களோடு நோயாளிகளை ஒப்பிட்டால், ஓ வகையினரை ரத்த வங்கிகள் அடிக்கடி கூப்பிடுவதால் தானம் செய்பவர்களில் ஓ ஏற்கெனவே கூடுதலாக இருக்கும். அப்போது நோயாளிகளில் ஓ குறைவாகத் தோன்றுவது வைரஸின் வேலையாக இருக்க வேண்டியதில்லை. ஏபிஓ விகிதம் இனத்துக்கு இனம் மாறுவது இரண்டாவது பொறி. ஜப்பானில் ஏ வகை சுமார் 40 சதவீதம். இந்தியாவில் ஓ-வும் பி-யும்தான் அதிகம். ஒரு நகரில் நெரிசலான குடியிருப்பில் வாழும் சமூகத்தில் ஒரு வகை கூடுதலாக இருந்தால், நெரிசலால் வந்த நோயை ரத்த வகையின் தலையில் கட்டிவிடுவோம். புதிதாக ஒரு ஆய்வுச் செய்தியைப் படித்தால், ‘யாரோடு ஒப்பிட்டார்கள்?’ என்று முதலில் பாருங்கள்.

12 சதவீதம் குறைவு என்றால் எனக்கு எவ்வளவு லாபம்?

நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கும் 100 பேரில் 20 பேருக்குத் தொற்றும் என்று வைத்துக்கொள்வோம். ஓ வகையினர் 100 பேர் அதே நிலையில் இருந்தால் 17 அல்லது 18 பேருக்குத் தொற்றும். வித்தியாசம் 100-க்கு இரண்டு, மூன்று பேர்தான். லட்சக்கணக்கானவர்களை எண்ணும் ஆய்வாளருக்கு இது பெரிய செய்தி. தனி மனிதருக்கு, ஜன்னலைத் திறந்து வைப்பதும் நோயாளியைத் தனி அறையில் படுக்கவைப்பதும் கூடுதல் பலன் தரும்.

ஓ வகையினருக்கு வந்தாலும் லேசாகத்தான் வருமா?

அப்படிச் சொல்ல முடியாது. டென்மார்க் ஆய்வில் மருத்துவமனையில் சேர்வதிலும் இறப்பிலும் ரத்த வகை வித்தியாசம் காட்டவில்லை. பல நாடுகள் சேர்ந்து நடத்திய மரபணு ஆய்வும், ஏபிஓ இடத்தின் பங்கு தொற்றுவதில்தான் முக்கியம், தீவிரத்தில் அல்ல என்றே முடித்தது. ‘நான் ஓ குரூப், தாங்கிக்கொள்வேன்’ என்று மூச்சிரைப்போடு வீட்டில் இருந்துவிடுவதுதான் இந்தச் செய்திகளால் விளையக்கூடிய மிகப் பெரிய தீங்கு.

ஒரு இடத்தில் மட்டும் வகை நிஜமாகவே பேசுகிறது: ரத்த உறைவு. வான் வில்பிராண்ட் காரணி என்ற உறைவுப் புரதம் ஓ வகையினருக்கு மற்றவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவு. எட்டாம் காரணி என்ற இன்னொரு உறைவுப் புரதமும் குறைவு. அதனால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஏ, பி, ஏபி வகையினருக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. நிமோனியாவில் நாள்கணக்கில் படுத்திருப்பவருக்கு இது கணக்கில் வரும். ஆனாலும் உறைவுத் தடுப்பு ஊசி போடலாமா என்பதை மருத்துவர் ரத்த வகையைப் பார்த்து முடிவு செய்வதில்லை. வயது, படுக்கை நாள், முன்பு ரத்தம் கட்டிக்கொண்ட வரலாறு, சிறுநீரக நிலை ஆகியவற்றைப் பார்க்கிறார். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென நெஞ்சு குத்தி மூச்சு வாங்கினாலோ வகை எதுவானாலும் அன்றே காட்ட வேண்டும்.

நெகட்டிவ் குரூப்புக்கு?

ஒண்டாரியோ ஆய்வில் ஆர்எச் நெகட்டிவ் உள்ளவர்களுக்குக் கோவிட் தொற்று சற்றுக் குறைவாக இருந்தது. அதை விளக்கும் உறுதியான காரணம் இல்லை. நெகட்டிவ் வகைக் கர்ப்பிணிகளுக்குப் போடும் ஆன்டி-டி ஊசிக்கும் சுவாசத் தொற்றுக்கும் தொடர்பில்லை; சளி இருக்கிறது என்று அந்த ஊசியைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள்.

‘செக்ரீட்டர்’ என்று சில கட்டுரைகளில் வருகிறதே, அது என்ன?

எச்சில், சளி போன்ற திரவங்களில் தன் ரத்த வகைச் சர்க்கரையை வெளியிடுபவர் செக்ரீட்டர். 19-ஆம் குரோமோசோமில் உள்ள ஃபட்-2 என்ற மரபணு இதைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலான மக்கள் கூட்டங்களில் சுமார் 80 சதவீதம் பேர் செக்ரீட்டர்கள். சுவாசத் தொற்றைப் பொறுத்தவரை ஏபிஓ வகையைவிட இதுதான் கவனிக்க வேண்டியது என்பது எங்கள் எண்ணம். ஏனென்றால் மூக்குச் சளியில் என்ன சர்க்கரை மிதக்கிறது என்பதை முடிவு செய்வது இதுவே. 1991-இல் வந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில், ஃப்ளூ, ரைனோ வைரஸ், ஆர்எஸ்வி ஆகியவற்றால் நோயுற்றவர்களில் செக்ரீட்டர்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தார்கள். வழக்கமான ரத்த வகைப் பரிசோதனையில் இது தெரியாது. தெரிந்துகொள்ளச் செலவு செய்யவும் தேவையில்லை, சிகிச்சை மாறப்போவதில்லை.

ரத்த வகை முழுப் பாதுகாப்பு தரும் சுவாசத் தொற்று ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு. பார்வோ வைரஸ் பி19. இருமல், தும்மல் வழியாகப் பரவி, குழந்தைகளுக்குக் கன்னத்தில் அறைந்தது போன்ற சிவப்பை உண்டாக்கும் வைரஸ் இது. சிவப்பணுவாக வளரும் செல்லுக்குள் நுழைய இதற்கு ‘பி’ ஆன்டிஜென் (செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஓர் அடையாளப் பொருள்) வேண்டும். இந்தப் ‘பி’, ஏபிஓ-வில் வரும் பி அல்ல. வேறொரு ரத்த வகை முறையைச் சேர்ந்தது. அந்த ஆன்டிஜென் இல்லாத மிக அபூர்வமான சிலருக்கு இந்தத் தொற்றே வருவதில்லை என்று 1994-இல் நிரூபிக்கப்பட்டது.

நிமோனியாவுக்குப் பின் எடுத்த டெஸ்டில் ரத்த வகை மாறி வந்திருக்கிறது. நோயால் வகை மாறுமா?

மாறாது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வகை மாறும். சில ரத்தப் புற்றுநோய்களில் ஆன்டிஜென் மங்கித் தெரியும். நிமோனியாவால் வகை மாறுவதில்லை. பரிசோதனைதான் ஏமாறியிருக்கிறது. இதை விரிவாகச் சொல்ல வேண்டும். சுவாசத் தொற்றும் ரத்த வகையும் நேருக்கு நேர் மோதும் இடம் இதுதான்.

மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி பள்ளிப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வாரக்கணக்கில் வறட்டு இருமலோடு நிமோனியாவைத் தரும். இதில் பலருக்கு ‘ஐ’ என்ற ரத்த வகை ஆன்டிஜெனுக்கு எதிராக ஒரு ஆன்டிபாடி உருவாகிறது. இந்த ‘ஐ’ ஏறக்குறைய எல்லாப் பெரியவர்களின் சிவப்பணுவிலும் உண்டு. உடல் சூட்டில் அந்த ஆன்டிபாடி பொதுவாகச் சும்மா இருக்கும். 4 டிகிரியில் மிகவும் தீவிரமாக வேலை செய்யும். ரத்தத்தைக் குழாயில் எடுத்துக் குளிர்சாதன அறையில் வைத்தால், சாய்த்துப் பார்க்கும்போது கண்ணாடிச் சுவரில் திரிந்த பால் போலத் திப்பித் திப்பியாக ஒட்டும். கையில் பிடித்துச் சூடாக்கினால் கலைந்துவிடும்.

எந்த எதிர் மருந்தில் செல்கள் திரள்கின்றன என்று பார்த்துத்தான் வகை சொல்கிறார்கள். இந்த ரத்தத்தில் வகை பார்த்தால் ஏ எதிர் மருந்து, பி எதிர் மருந்து, பாசிட்டிவ்-நெகட்டிவ் காட்டும் டி எதிர் மருந்து மூன்றிலும் திரளும். ஓ வகைக்காரர் ‘ஏபி பாசிட்டிவ்’ ஆகிவிடுவார். சீரத்தை (செல்கள் நீங்கிய ரத்தத் திரவத்தை) வைத்துச் செய்யும் எதிர்ச்சோதனையில் ஏ செல், பி செல், ஓ செல் மூன்றும் திரளும். ஏபி வகையின் சீரம் எதையும் திரளவைக்கக் கூடாது. ஆகவே இரண்டு சோதனையும் செய்த ஆய்வகம் உடனே சந்தேகப்படும். கண்ணாடித் தகட்டில், எதிர் மருந்து சேர்க்கும் முதல் சோதனையை மட்டும் செய்து அனுப்பும் இடத்தில்தான் தப்பு நிகழ்கிறது.

ரத்த எண்ணிக்கை இயந்திரமும் குழம்பும். ஒட்டிய செல்களை ஒரே பெரிய செல்லாக எண்ணுவதால் சிவப்பணு எண்ணிக்கை பொய்யாகக் குறையும், செல் அளவு கூடும், எம்சிஎச்சி (சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் செறிவு) 37-ஐத் தாண்டும். ஹீமோகுளோபின் அளவு மட்டும் சரியாக இருக்கும். தீர்வு எளிது: குழாயை 37 டிகிரியில் 15 முதல் 30 நிமிடம் வைத்து, ஆறுவதற்குள் மறுபடி ஓட்ட வேண்டும். வகை பார்க்க, செல்களை 37 டிகிரி உப்புநீரில் பலமுறை கழுவி, எதிர் மருந்து சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாய் திரளவில்லை என்று உறுதிசெய்த பிறகே முடிவு எழுத வேண்டும். ரத்தம் ஏற்றும் நிலை வந்தால் அதற்கென உள்ள சூடாக்கும் கருவி வழியாகவே ஏற்ற வேண்டும். பையை வெந்நீரில் போட்டால் செல்கள் உடைந்துவிடும். நோயாளியின் கை கால்களைப் போர்த்தி வைப்பதும் சிகிச்சையில் அடங்கும்.

கைக்குழந்தைகளின் நிமோனியாவில் இப்படி ஏதாவது உண்டா?

அரிது, ஆனால் ஆபத்தானது. நியுமோகாக்கஸ் பாக்டீரியா வெளியிடும் நியுராமினிடேஸ் என்ற நொதி, சிவப்பணுவின் மேலிருக்கும் சயாலிக் அமிலத்தைச் சீவிவிடுகிறது. அதன் அடியில் ஒளிந்திருந்த ‘டி’ ஆன்டிஜென் வெளியே தெரிகிறது. இது பாசிட்டிவ்-நெகட்டிவைத் தீர்மானிக்கும் ஆர்எச் ‘டி’ அல்ல, வேறு. பெரியவர்களில் பெரும்பாலோரின் பிளாஸ்மாவில் இதற்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது. சிவப்பணுக்கள் உடைந்து, தட்டணுக்கள் குறைந்து, சிறுநீரகமும் பழுதாகலாம். இதை உறுதிசெய்ய ஆய்வகம் பயன்படுத்துவது வேர்க்கடலையிலிருந்து பிரித்தெடுத்த லெக்டின் (சர்க்கரையில் ஒட்டும் புரதம்). சந்தேகம் இருந்தால் பல மையங்களில் பிளாஸ்மா ஏற்றுவதைக் கூடியவரை தவிர்த்து, கழுவிய சிவப்பணுக்களைத் தருகிறார்கள். நிமோனியாவில் இருக்கும் குழந்தை திடீரென வெளிறி, சிறுநீர் குறைந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ரத்த வகைக்கு ஏற்ற உணவு சாப்பிட்டால் எதிர்ப்பு சக்தி கூடுமா?

இல்லை. 2014-இல் டொரண்டோவில் 1,455 பேரிடம் பார்த்தபோது, அந்த உணவுமுறைகளில் சில உடலுக்கு நல்லது செய்தன. ஆனால் அது சாப்பிட்டவரின் ரத்த வகையைப் பொறுத்து மாறவில்லை. காய்கறி யாருக்கும் நல்லதுதான்.

தடுப்பூசியை வகை பார்த்துப் போட வேண்டுமா?

வேண்டாம். குழந்தைகளுக்கு அரசு அட்டவணைப்படி நியுமோகாக்கல் தடுப்பூசி 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணை. அரசு மையங்களில் இலவசம். 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய், ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஃப்ளூ ஊசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்வது நல்லது. நியுமோகாக்கல் ஊசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். புகைப்பதும் விறகடுப்புப் புகையும் எந்த ரத்த வகையையும்விட நுரையீரலைக் கெடுப்பவை.

அப்படியானால் வீட்டில் எதைக் கவனிப்பது?

மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் கைக்குழந்தைகளில் தப்பு வரும். அவர்கள் மூச்சு சீராக இருப்பதில்லை. 2 மாதத்துக்குக் கீழ் 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, 1 முதல் 5 வயது வரை 40; இந்த எண்ணோ அதற்கு மேலோ இருந்தால் வேகமான மூச்சு, அன்றே காட்ட வேண்டும். மார்பின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால், பால் குடிக்க முடியாமல் போனால் காத்திருக்கவே கூடாது.

பெரியவர்களுக்கு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உதவும். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, நகச்சாயமும் மருதாணியும் இல்லாத, குளிராத விரலில் மாட்டி, எண் அரை நிமிடம் ஆடாமல் நின்றபின் குறித்துக்கொள்ளுங்கள். 94-க்குக் கீழ் என்றால் மருத்துவரைப் பாருங்கள். 90-க்குக் கீழ் என்றால் உடனே மருத்துவமனை. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே எண் 95 என்று காட்டினாலும் பேசும்போது வாக்கியம் முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், எண்ணை விட்டுவிட்டு ஆளை நம்பி ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழையுங்கள்.